சட்டையும் ‘ஷிபுய்’, முகமும் ‘ஷிபுய்’

கேள்வி இதுதான். ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒருவர் கேட்டிருக்கிறார். காலையில் மேலாளர் இவருடைய பழுப்பு நிறக் கைத்தறிச் சட்டையைப் பார்த்து “ஷிபுய்” என்று தலையசைத்திருக்கிறார். அதே நாள் மாலை, இவர் தயாரித்துக் கொடுத்த செலவு மதிப்பீட்டை அந்த மேலாளர் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கைக்காரர் மெதுவாக, “பார், ஷிபுய் முகம்” என்றாராம். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் ‘துவர்ப்பு’ என்று மட்டும் போட்டிருக்கிறது. காலையில் கிடைத்தது பாராட்டா, திட்டா? மாலையில் நடந்தது என்ன?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் கிடைத்தது பாராட்டு, அதுவும் நல்ல பாராட்டு. மாலையில் நடந்தது அதிருப்தி. அந்த மதிப்பீடு அப்படியே ஒப்புதல் ஆகாது என்று பக்கத்து இருக்கைக்காரர் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அகராதி சொன்னதும் சரிதான். மூன்றையும் தனித்தனிப் பொருளாக மனப்பாடம் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். சொல் எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே போய்ப் பார்த்தால் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அது கிளம்பிய இடம் ஒரு பழம்.

அந்தப் பழத்துக்கு ஜப்பானியத்தில் ‘காக்கி’ என்று பெயர். போலீஸ் உடையின் காக்கிக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் ஊரில் பெர்சிமன் என்பார்கள், குன்னூர்ப் பக்கம் பழக்கடைகளில் பார்த்திருக்கலாம். தமிழில் சீமைப் பனிச்சை என்ற பெயரும் உண்டு. இதில் இரண்டு சாதி. ஒன்று மரத்திலிருந்து பறித்து அப்படியே கடித்துச் சாப்பிடக்கூடிய ‘அமாகாக்கி’, அதாவது இனிப்புக் காக்கி. இன்னொன்று ‘ஷிபுகாக்கி’, துவர்ப்புக் காக்கி. வெளியிலிருந்து பார்த்தால் பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆரஞ்சு நிறம், ஒரே பளபளப்பு.

நாகானோ மாநிலத்தின் தெற்கே, ஈடா நகரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் நான் மூன்று குளிர்காலம் இருந்தேன். முதல் வருடம் நவம்பரில், வீட்டுக்காரப் பாட்டியின் கொல்லையில் காய்த்துத் தொங்கியதில் ஒன்றைப் பறித்துக் கடித்தேன். பல் பட்ட அந்தக் கணம் இனிப்பு தெரிந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி நாக்கின் மேல் யாரோ உலர்ந்த துணியைப் போட்டு இறுக்கிய மாதிரி ஆகிவிட்டது. உதடு பல்லில் ஒட்டிக்கொள்கிறது, கன்னத்தின் உட்புறம் சுருங்குகிறது. தண்ணீர் குடித்தால் தண்ணீர் போகிறது, அந்த இறுக்கம் போகவில்லை. பிஞ்சு நாவற்காயைத் தின்றிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் புரியும். இது அதைப்போல் பல மடங்கு.

இதில் நடப்பது என்னவென்றால், பழத்தில் கரைந்த நிலையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வாய்க்கு வழுவழுப்பைத் தருவது அந்தப் புரதங்கள்தான். அவை போனதும் நாக்கு வழுக்குவதில்லை, உராய்கிறது. அதனால்தான் துவர்ப்பை மற்ற சுவைகளைப் போன்ற ஒரு சுவை என்பதைவிட ஒருவகைத் தொடு உணர்ச்சி என்று விளக்குவார்கள். வாய் நகர மறுக்கிறது. இந்த ‘நகர மறுப்பது’ என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஷிபுய்யின் பாதிக் கதை இதில் இருக்கிறது.

எழுத்திலும் அது தெரிகிறது. ஷிபுய்க்கு எழுதும் சித்திர எழுத்தின் இடப்பக்கம் மூன்று துளி, அது தண்ணீர். வலப்பக்கம் பழைய வடிவத்தில் ‘நில்’ என்ற எழுத்து மூன்று முறை, மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக இருக்கும். இப்போது எழுதுகிற எளிய வடிவத்தில் ஒரு ‘நில்’ மட்டும் மிச்சம், கீழே இருந்த இரண்டுக்குப் பதிலாக நான்கு சிறு கோடுகள். நில், நில், நில் என்று தடுக்கப்பட்ட தண்ணீர். நான் பாடம் நடத்தும்போது பழைய வடிவத்தைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். அதைப் பார்த்த மாணவர்கள் இந்தச் சொல்லை மறப்பதில்லை.

இனி அலுவலகத்துக்கு வருவோம். ‘ஷிபுரு’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் இழுப்பது. பணம் கட்ட ஷிபுரு, பதில் சொல்ல ஷிபுரு. ‘ஷிபுஷிபு’ என்று இரட்டித்தால் வேண்டா வெறுப்பாக, அரை மனதாக. “ஷிபுஷிபு ஒத்துக்கொண்டார்” என்பதை நாம் “முனகிக்கொண்டே சரி என்றார்” என்போம். கையை விரிக்காத கஞ்சனை ஒசாகா, கியோட்டோ பக்கம் ‘ஷிபுச்சின்’ என்பார்கள். 1990களின் கடைசியில் ஜப்பானிய வங்கிகள் தள்ளாடியபோது, நல்ல நிலையில் இருந்த சிறு தொழில்களுக்குக்கூடக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. அந்தத் தயக்கத்துக்கு ‘காஷிஷிபுரி’ என்று பெயர். கொடுக்கலாம், ஆனால் கை நகரவில்லை. செய்தித்தாள்களில் நாள்தோறும் வந்த சொல் அது.

இதே எழுத்துக்குச் சீன வழி உச்சரிப்பு ‘ஜூ’. ‘ஜூதாய்’ என்றால் போக்குவரத்து நெரிசல். புத்தாண்டு விடுமுறையிலும், முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை விடுமுறையிலும் வானொலியைத் திறந்தால் இந்தச் சொல்தான். அதிவேக நெடுஞ்சாலைகளில் இதற்கு வரையறையே வைத்திருக்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாமல், அல்லது நின்று நின்று நகர்ந்து, வண்டி வரிசை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, அது 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அது ஜூதாய். அரசியல்வாதிகள் தங்கள் பங்குக்கு ‘குஜூ முடிவு’ என்பார்கள். ‘கு’ கசப்பு, ‘ஜூ’ துவர்ப்பு. மனம் ஒப்பாமல், வேறு வழியின்றி எடுத்த முடிவு. தூண்டில் போடுகிறவர்களைக் கேட்டால், மீன் கடிக்காத நாளை “இன்றைக்கு ஷிபுய்” என்பார்கள். எல்லாவற்றிலும் அதே நில், நில், நில்தான்.

ஷிபுய் முகமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. துவர்ப்புக் காக்கியைக் கடித்தவன் முகம் எப்படிச் சுருங்கும் என்று கண்ணாடி முன் செய்து பாருங்கள். புருவம் நெருங்கும், வாயின் ஓரங்கள் கீழே இறங்கும். கோபமான முகம் இல்லை அது. ஏற்க மனமில்லாத முகம். ஜப்பானிய அலுவலகத்தில் ‘முடியாது’ என்ற சொல் நேரடியாக வாயிலிருந்து வருவது அபூர்வம், முகத்தில் வந்துவிடும். ஆகவே உங்கள் மேலாளர் கூட்டத்தில் என்ன சொல்வார் என்று காத்திருக்காமல், மதிப்பீட்டில் எந்த வரி அவருக்கு உறுத்துகிறது என்று பக்கத்து இருக்கைக்காரரிடமே கேட்டுவிடுங்கள். அவர் சும்மா சொல்லவில்லை, உங்களுக்கு உதவத்தான் சொன்னார். “சோத்தோ ஷிபுய் தெசு நே”, அதாவது “கொஞ்சம் ஷிபுய்யாக இருக்கிறதே” என்று யாராவது எண்களைப் பார்த்துச் சொன்னாலும் பொருள் இதுதான், நிலவரம் நமக்குச் சாதகமாக இல்லை.

சரி, இவ்வளவு இழுபறியும் கஞ்சத்தனமும் உள்ள ஒரு சொல் எப்படிப் பாராட்டு ஆனது? மறுபடி கொல்லைக்குப் போக வேண்டும்.

நான் கடித்துத் துப்பியதைப் பார்த்த பாட்டி, மறுநாள் என்னையும் உட்கார வைத்து வேலை கொடுத்தார். காக்கிகளைக் காம்போடு பறிக்க வேண்டும், காம்பில் ஒட்டியிருக்கும் சிறு கிளையை ஆங்கில டி எழுத்து மாதிரி விட்டு வெட்ட வேண்டும், கயிறு கட்டுவதற்கு அதுதான் பிடி. பிறகு தோலைச் சீவ வேண்டும். கயிற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து, கொதிக்கிற தண்ணீரில் சில நொடிகள் முக்கி எடுத்து, கூரையின் விளிம்புக்கு அடியில், காற்றுப் படுகிற மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிட வேண்டும். ஒரு வாரத்தில் மேல்புறம் தோல் போல இறுகியது. அப்போது பாட்டி ஒவ்வொன்றையும் விரல்களால் மெதுவாகப் பிசைந்துவிட்டார். சில நாள் விட்டு மறுபடியும். ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின் பழம் சுருங்கிக் கரும்பழுப்பாகி, மேலே மாவு தூவினது மாதிரி வெள்ளை படிந்தது. பூஞ்சை என்று நினைத்தேன். அது உள்ளிருந்து வந்த சர்க்கரை. அந்தப் பகுதியின் இச்சிதா காக்கி 2016-லிருந்து புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

காய்ந்த அந்தப் பழத்தைப் பாட்டி கிழித்துக் கொடுத்தார். பேரீச்சம்பழத்தைவிட மென்மையாக, அடர்த்தியான தித்திப்பு. துவர்ப்பின் சாயல் துளியும் இல்லை. நான் வியந்தது இதற்குப் பிறகு தெரிந்துகொண்ட ஒன்றில்தான். டானின் எங்கும் போய்விடவில்லை, பழத்துக்குள்ளேயே இருக்கிறது. பழத்தில் உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருள் அதைக் கரையாத பொருளாக மாற்றிவிட்டது, அதனால் நாக்கைப் பிடிக்கவில்லை. சர்க்கரையும் புதிதாக வந்து சேர்ந்ததில்லை. துவர்ப்புக் காக்கிகளில் பல, இனிப்புக் காக்கியைவிடக் கூடுதல் சர்க்கரை உள்ளவை. நான் மரத்திலிருந்து பறித்துக் கடித்த அன்றும் அந்தத் தித்திப்பு அதற்குள் இருந்தது. துவர்ப்பு அதைப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

பாராட்டான ஷிபுய்யை நான் புரிந்துகொள்வது இப்படித்தான். உள்ளே வளம் இருக்கிறது, வெளியே காட்டாமல் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இது என் விளக்கம். ஆனால் சொல்லின் வரலாறும் இதற்கு எதிராக இல்லை.

எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, காசு சேர்ந்த வணிகர்கள் பகட்டாக உடுத்தக்கூடாது என்று அரசு திரும்பத் திரும்பக் கட்டுப்பாடு போட்டது. இன்ன துணி கூடாது, இன்ன நிறம் கூடாது. மிஞ்சியது பழுப்பும் சாம்பலும் நீலமும். மக்கள் அதற்குள்ளேயே புகுந்து விளையாடினார்கள். ‘நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல்’ என்று ஒரு சொல்வழக்கே உண்டு. அத்தனை சாயல்களைப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். மேலங்கி வெளியே மங்கிய ஒற்றை நிறம், உள்பக்க லைனிங்கில் மட்டும் வரைந்த சித்திரமும் விலை உயர்ந்த பட்டும். போட்டிருப்பவனுக்குத் தெரியும், கழற்றும்போது அருகில் இருப்பவருக்குத் தெரியும். இந்த ரசனை வளர்ந்த மண்ணில்தான் ‘ஷிபுய்’ பாராட்டாக வேர் பிடித்தது. உங்கள் பழுப்புக் கைத்தறிச் சட்டையைப் பார்த்து அந்தச் சொல் வந்தது தற்செயல் இல்லை.

1930-ல் தத்துவ அறிஞர் குகி ஷூசோ எடோ ரசனைகளை ஆராய்ந்து எழுதியபோது, துவர்ப்புக்கு நேர் எதிரே நிறுத்தியது இனிப்பைத்தான். இனிப்பு என்றால் எதிரே இருப்பவரை நோக்கிப் போவது, துவர்ப்பு என்றால் தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது. இதைப் படித்த பிறகு எனக்கு ஜப்பானியத்தின் ‘அமாய்’, அதாவது இனிப்பு என்ற சொல்லும் புரிந்தது. “உன் கணக்கு அமாய்” என்றால் மேம்போக்கான, யோசிக்காத கணக்கு என்று குறை. நமக்கு இனிப்பு என்றால் எல்லாமே நல்லது. அங்கே இனிப்புக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வெளிநாடுகளுக்கு இந்தச் சொல் போனபோது பாதிதான் போனது. 1960 ஆகஸ்டில் ‘ஹவுஸ் பியூட்டிஃபுல்’ என்ற அமெரிக்க இதழ் ஷிபுய்யைப் பற்றி ஒரு தனி இதழே போட்டது. அன்றிலிருந்து வீட்டு அலங்காரம், மட்பாண்டம், மரச்சாமான் பேசுகிற உலகத்தில் ஷிபுய் என்றால் அடக்கமான அழகு என்று ஆகிவிட்டது. தப்பில்லை. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு ஜப்பானுக்குப் போகிறவர்கள் ஷிபுச்சினையும் ஷிபுய் முகத்தையும் கண்டு திகைக்கிறார்கள். வேரை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் எடுத்துப் போனால் அப்படித்தான். அன்றாடப் பேச்சில் இந்தப் பாராட்டு ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. கனத்த குரலில் பேசும் நடுவயது நடிகர் ஷிபுய். இருபது வயதுப் பையன், பெரியவர்கள் விரும்பும் ‘என்கா’ வகைப் பழைய பாட்டை ரசித்தால் அவன் தேர்வு ஷிபுய்.

எங்கே சொல்லலாம், எங்கே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒருவர் தேர்ந்தெடுத்த பொருளைப் பற்றிச் சொல்லுங்கள், பிழை வராது. கைக்கடிகாரம், கழுத்துப்பட்டை, தேநீர்க் கிண்ணம், பேனா. இளம்பெண் ஆசையாகப் போட்டுவந்த உடையை ஷிபுய் என்றால் ‘வயதானவர் உடை மாதிரி’ என்று கேட்கக்கூடும், அங்கே வேண்டாம். ‘ஜிமி’ என்ற சொல்லோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வெறும் பகட்டின்மை, பல நேரம் ‘எடுப்பாக இல்லை’ என்ற குறையும் அதில் சேர்ந்திருக்கும். ஜிமியான சட்டையைக் கடந்து போய்விடுவார்கள், ஷிபுய்யான சட்டையைத் திரும்பிப் பார்ப்பார்கள். உச்சரிப்பு ஷி-பு-இ, மூன்று தட்டு. ‘அன்பு’வில் வருகிற பு. குரல் அந்த ‘பு’வில் ஏறி ‘இ’யில் இறங்க வேண்டும்.

ஷிபுயா நிலையத்தின் பெயரில் இருப்பதும் இதே எழுத்துதான், 2024 ஜூலையில் வந்த புதிய 10,000 யென் நோட்டில் இருக்கும் ஷிபுசாவா எய்இச்சியின் பெயரிலும் இதே எழுத்து. அவை பெயர்கள். அவற்றில் துவர்ப்பைத் தேடிப் போக வேண்டாம்.

தமிழர்களாகிய நமக்கு இந்தச் சொல்லில் ஒரு தனி வசதி இருக்கிறது. ஆங்கிலக்காரர் ஒருவருக்குத் துவர்ப்பைப் புரியவைக்கச் சுற்றி வளைக்க வேண்டும். நமக்கு அறுசுவையில் அது ஒன்று, வாழைப்பூவை ஆயும்போதும் பாக்கை மெல்லும்போதும் தெரிந்த விஷயம். ஆச்சரியம் என்னவென்றால் கசப்பான உண்மை, புளித்துப்போன பேச்சு, உப்புச்சப்பில்லாத கதை, காரசாரமான விவாதம் என்று மற்றவற்றையெல்லாம் உருவகமாக்கிய நாம், துவர்ப்பை மட்டும் எனக்குத் தெரிந்து அன்றாடப் பேச்சில் அப்படி எடுத்தாளவில்லை. நாம் விட்ட இடத்தில் ஜப்பானியர்கள் ஒரு மொழியையே கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நாம் வேறு ஒன்று செய்தோம். பழந்தமிழில் துவர் என்றால் சிவப்பும்தான். துவர்வாய் என்றால் சிவந்த வாய், பௌத்தத் துறவிகள் உடுத்தியது துவராடை. துவர்க்கும் பட்டையும் காயும் சாயமேற்றப் பயன்பட்டதை நினைத்தால் சுவைக்கும் நிறத்துக்கும் ஒரே சொல் இருப்பதில் வியப்பில்லை. வடமொழியிலும் அப்படியே, ‘கஷாய’ என்றால் துவர்ப்பு. நாம் குடிக்கிற கஷாயமும் துறவியின் காஷாயமும் அதிலிருந்து வந்தவை. அந்தக் காஷாயம் பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய், ஜப்பானியத் துறவி தோளில் போடும் ‘கேசா’ ஆனது. ஜப்பானில் துவர்ப்புக் காக்கியை இளங்காயாகப் பறித்து இடித்துப் பிழிந்து, அந்தச் சாற்றை வருடக்கணக்கில் புளிக்க வைத்துச் செம்பழுப்புச் சாயம் எடுக்கிறார்கள், பெயர் ‘காக்கிஷிபு’. காகிதம், மரம், மீன் வலை எல்லாவற்றுக்கும் அதைப் பூசுவார்கள். துணிச்சாய அச்சுக்குத் தாள் வெட்டுகிற சுசுகா ஊர்க் கலைஞர்கள், காக்கிஷிபுவால் ஒட்டிய தாளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கத்தில் பனிச்சங்காயின் சாறு மீன் வலைக்கும் படகுக்கும் போன அதே கதை. பனிச்சையும் காக்கியும் ஒரே பேரினம், கருங்காலியும் பீடி இலை மரமும்கூட அந்தக் குடும்பம்தான். காக்கிஷிபு பூசிய துணி நாள் ஆக ஆக, வெயில் பட்டுப் பட்டு நிறம் கூடிக்கொண்டே போகும். பாட்டி வீட்டில் அப்படி ஒரு பை தொங்கியது. வாங்கியபோது வெளிர் மஞ்சளாக இருந்ததாம், நான் பார்த்தபோது பழைய தேக்கு மாதிரி இருந்தது. அதைக் காட்டி, “ஷிபுய் ஆகிவிட்டது” என்றார் பாட்டி.

மேலாளருக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். “அரிகாதோ கோசாய்மாசு” போதும். சட்டை எங்கே நெய்தது என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் அவர் இன்னும் மகிழ்வார். அப்புறம், அக்டோபர், நவம்பரில் கடைகளில் காக்கி குவிந்திருக்கும். பொட்டலத்தில் அந்த மூன்று துளியும் ‘நில்’லும் உள்ள எழுத்து இருந்தால் அடுத்த எழுத்தையும் பாருங்கள். ‘ஷிபுநுகி’ என்று இருந்தால் துவர்ப்பு நீக்கியது, தாராளமாகச் சாப்பிடலாம். ‘ஷிபுகாக்கி’ என்று மட்டும் இருந்தால் கடிக்காதீர்கள், கயிறும் கத்தியும் எடுங்கள்.